கடலில் ஃபிளை ஃபிஷிங்: எந்த ராடு, எப்படி வீசுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயாமிக்குத் தெற்கே கீ லார்கோவில் தொடங்கி கீ வெஸ்ட் வரை சங்கிலிபோலக் கிடக்கும் தீவுகள்தான் புளோரிடா கீஸ். இந்தத் தீவுகளை ஒட்டி, முழங்கால் அளவே தண்ணீர் நிற்கும் பரந்த திட்டுகள் இருக்கின்றன. சில இடங்களில் கணுக்கால்தான் நனையும். கீழே மணலும் கடற்புல்லும். தண்ணீர் அவ்வளவு தெளிவு. கடல் ஏற்றத்தோடு மேய வரும் மீனைக் கண்ணால் பார்த்து, இறகும் மயிரும் சுற்றிக் கட்டிய சின்ன முள் ஒன்றை அதன் முன்னால் இறக்கிப் பிடிக்க வேண்டும். அந்த முள்ளைத்தான் ஃபிளை என்கிறார்கள். 1947இல் இஸ்லமொராடாவில் ஜிம்மி ஆல்பிரைட் என்ற வழிகாட்டியின் படகில் போய், இதற்கென்றே தேடி ஃபிளையில் போன்ஃபிஷ் என்ற திட்டு மீனைப் பிடித்தவர் மீன்பிடி எழுத்தாளர் ஜோ புரூக்ஸ். இந்தக் கலை அங்கிருந்துதான் பரவியது என்று இங்கே சொல்வார்கள். தடிமன் வேறுபட்ட இரண்டு நரம்புகளை இணைக்க இன்றும் நாம் போடும் ஆல்பிரைட் முடிச்சு அந்த வழிகாட்டியின் பெயரில்தான் இருக்கிறது.

ஒன்பது வருடமாக விடுமுறை கிடைக்கும் போதெல்லாம் இந்தத் திட்டுகளுக்குப் போகிறேன். இரண்டு முறை பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவுக்கும் போயிருக்கிறேன். புதிதாகத் தொடங்கும் தமிழர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

சாதாரண ராடிலும் ரீலிலும் மீன் பிடித்துப் பழகியவன் நான். இதில் அப்படி என்ன வேறு?

சாதாரண ராடில் ஈயக்குண்டின் எடையோ லூர் என்ற பொய் இரையின் எடையோ முன்னால் பறக்கும். நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃபிளைக்கு எடையே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காக்கை இறகை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் பத்தடி தாண்டாது. அதனால் இங்கே எடை லைனில் இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய தடித்த லைன் முதலில் பின்னால் விரிய வேண்டும். அது விரியும்போது ராடு வளைந்து இழுவிசையைத் தாங்கும். பிறகு முன்னால் தள்ளி நிறுத்தியதும் லைன் ஒரு வளையமாகச் சுருண்டு விரிந்து போய், நுனியில் இருக்கும் ஃபிளையைக் கடைசியாகக் கீழே வைக்கும். நீங்கள் வீசுவது லைனைத்தான். ஃபிளை கூடவே போகிறது. பழைய பழக்கத்தில் முழங்கையையும் தோளையும் போட்டு உதறுகிறவர்கள் இதை உணர ஒரு மாதமாவது ஆகும்.

ராடின் மேல் 8, 9, 12 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

அந்த ராடு எந்த எடை லைனுக்காகச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும் எண் அது. ராடின் எடை அல்ல, மீனின் எடையும் அல்ல. லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று ஒரு பொதுத் தரஅளவு உண்டு. கிரெயின் என்ற பழைய அளவில் 8ஆம் எண் லைன் 210 கிரெயின், அதாவது ஏறத்தாழ 13.6 கிராம். 9ஆம் எண் 240 கிரெயின், 10ஆம் எண் 280, 12ஆம் எண் 380. அதாவது 12ஆம் எண் ராடைக் கையில் எடுத்தால் ஒவ்வொரு வீச்சிலும் 25 கிராம் அளவு எடையைக் காற்றில் முன்னும் பின்னும் ஓட்டுகிறீர்கள். நாள் முழுக்க அதைச் செய்தால் தோள்பட்டை சொல்லும்.

ஒன்றைக் கவனியுங்கள். இப்போது விற்கும் கடல் லைன்கள் பலவும் இந்தத் தரஅளவைவிட அரை எண்ணோ அதற்கு மேலோ கனமாக வருகின்றன. பெட்டியின் பின்பக்கம் கிரெயின் எண்ணிக்கை போட்டிருக்கும். ராடு வாங்கும் முன் அதைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

எந்த மீனுக்கு எந்த எண்?

போன்ஃபிஷுக்கு 8. கீஸ் பகுதியில் போன்ஃபிஷ் பெரிது, காற்றும் அதிகம் என்பதால் 9ஐ எடுக்கிறவர்களும் நிறைய. நம் ஊர்ப் பாறை மீனின் குடும்பத்தைச் சேர்ந்த பெர்மிட்டுக்கு 9 அல்லது 10. டார்பன் என்ற மீனின் குட்டிகளுக்கு 8 அல்லது 9. நூறு பவுண்டைத் தாண்டும் பெரிய டார்பனுக்கு 11 அல்லது 12. இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் பக்கம் பெரும் பாறை மீன் பிடிக்கப் போகிறவர்கள் 12க்குக் கீழே யோசிப்பதில்லை. பவளப்பாறை விளிம்பைத் தாண்டி மீன் ஓடிவிட்டால் லைன் அறுந்துவிடும், அதை நிறுத்த ராடின் அடிப்பகுதியில் பலம் வேண்டும்.

ஆனால் மீனின் பருமனை மட்டும் வைத்து எண்ணை முடிவு செய்வது பாதி உண்மைதான். ஐந்து பவுண்டு போன்ஃபிஷை 6ஆம் எண் ராடிலேயே களைக்க வைத்து இழுத்துவிடலாம். பிறகு ஏன் 8? இரண்டு காரணங்கள். ஒன்று, காற்று. மணிக்கு 15 மைல் வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்றுக்குள் 6ஆம் எண் லைன் நுழையாது. இன்னொன்று, ஃபிளையின் கனம். மணலில் சீக்கிரம் இறங்க ஈயக் கண்ணோ உலோகச் சங்கிலிக் கண்ணோ கட்டிய ஃபிளைகள் கடலில் சாதாரணம். பெர்மிட்டுக்கான நண்டு ஃபிளை நனைந்தால் ஒரு கூழாங்கல் போலத்தான் இருக்கும். அதைத் தூக்கிப்போக லைனில் எடை வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் காற்று, அடுத்து ஃபிளை, அதற்குப் பிறகுதான் மீன்.

ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும். எது?

9ஆம் எண். போன்ஃபிஷுக்குச் சற்றுப் பெரிது, பெர்மிட்டுக்குச் சரி, 30 பவுண்டு டார்பன் வரை தாங்கும். 9ஆம் எண் லைன் தண்ணீரில் விழும்போது கொஞ்சம் சத்தம் கூடுதல் என்பது உண்மை. லைனுக்கும் ஃபிளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பான லீடரை 12 அடிக்கு நீட்டினால் அந்தக் குறை பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது வாங்கும் நாள் வந்தால் நேராக 11க்குப் போங்கள்.

ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராடுதான் கடலுக்கு ஏற்றது என்கிறார்களே?

வீசும்போது நுனிப்பக்கம் மட்டும் வளைந்து உடனே நிமிரும் ராடை ஃபாஸ்ட் என்கிறார்கள். நடு வரைக்கும், சில நேரம் கைப்பிடி வரைக்கும் வளைவது மெதுவான ராடு. கடலில் காற்று இருப்பதால் சற்று விறைப்பான ராடு வேண்டும் என்பதில் தப்பில்லை. ஆனால் எவ்வளவு விறைப்பு என்பதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள்.

என் முதல் ராடு ஒரு கடையில் வாங்கியது. விற்றவர் அதை வாகன நிறுத்துமிடத்தில் வைத்து 80 அடி வீசிக் காட்டினார். அடுத்த வாரம் திட்டில் நின்றபோது மீன் 35 அடியில் வந்தது. ராடுக்கு வெளியே 20 அடி லைன்தான் இருந்தது. அந்த எடைக்கு அது வளையவே இல்லை. கையில் துடைப்பக்கட்டையைப் பிடித்ததுபோல இருந்தது. வளையாத ராடில் எப்போது முன்னால் தள்ள வேண்டும் என்று கைக்குத் தெரியாது. அன்று ஏழு வாய்ப்பு கிடைத்தது, ஏழும் போயின. இரண்டு மாதம் கழித்து ஒரு நண்பர் தன் மிதவேக ராடைக் கொடுத்தார். அதே கை, அதே காற்று. பின்வீச்சில் லைன் விரிந்து ராடை இழுப்பது உள்ளங்கையில் தெரிந்தது.

அதனால் கடையில் வீசிப் பார்க்கும்போது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்காதீர்கள். 30 அடியில் ஒரே பின்வீச்சில் ஃபிளை நேராக விரிகிறதா என்று பாருங்கள். விரிந்தால் பிறகு 60 அடியை நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். சேஜ், ஆர்விஸ், ஸ்காட் என்று விலை உயர்ந்த ராடுகள் அருமையானவைதான். டெம்பிள் ஃபோர்க், எக்கோ, ரெடிங்டன் போன்றவற்றின் விலை குறைந்த ராடுகளிலும் மீன் தாராளமாகப் பிடிக்கலாம்.

நீளம்? எத்தனை துண்டு?

ஒன்பது அடி, நான்கு துண்டு. விமானத்தில் கையோடு கொண்டுபோக வசதி. அடியில் வயிற்றில் ஊன்றிக்கொள்ள ஒரு சிறு குமிழ் இருக்க வேண்டும்.

பணத்தை ராடில் போடவா, ரீலில் போடவா?

லைனில் போடுங்கள். இதை நம்ப ஆள் கிடைப்பதில்லை. குளிர்நாட்டு ஆற்று மீனுக்காகச் செய்த லைன் புளோரிடா வெயிலில் இளகிப் பிசுபிசுத்து ராடின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்பமண்டலத்துக்கென்று செய்யும் லைனின் உள்ளே விறைப்பான இழை இருக்கும். அதையே குளிர்காலத்தில் வடக்கே கொண்டுபோனால் சுருள் சுருளாக நிற்கும், அது வேறு விஷயம். மிதக்கும் வகை, முன்பக்கம் கனமான வகை என்று கேட்டு வாங்குங்கள். கனப்பகுதி ரொம்ப நீளமாக இல்லாமல் 40 அடி அளவில் இருந்தால் சீக்கிரம் ராடை வளைக்கும்.

அடுத்தது ரீல். ஆற்றில் ரீல் என்பது லைன் சுற்றி வைக்கும் பெட்டி மட்டும். கடலில் அப்படியில்லை. முள் பட்ட போன்ஃபிஷ் முதல் ஓட்டத்திலேயே 300 அடி இழுத்துவிடும். லைனுக்குப் பின்னால் பேக்கிங் நூல் குறைந்தது 600 அடி வேண்டும். பிரேக் உப்பு நீர் புகாதபடி மூடியதாக இருக்க வேண்டும். அது திக்கித் திக்கி விட்டால் மெல்லிய நரம்பு அறுந்துபோகும்.

மீதிப் பணத்தில் ராடு வாங்குங்கள். தண்ணீரின் கூசலைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது இல்லாமல் மீனே தெரியாது, வீச்சைப் பற்றிப் பேசுவதே வீண்.

எவ்வளவு தூரம் வீச வேண்டும்?

புல்வெளியில் 90 அடி வீசுகிறவரைப் பார்த்துப் பயந்து இந்தப் பக்கமே வராதவர்கள் எனக்குத் தெரிந்து நான்கு பேர். கீஸிலும் ஆண்ட்ரோஸிலும் எனக்குக் கிடைத்த வாய்ப்புகளில் பெரும்பாலானவை 30 முதல் 55 அடிக்குள்தான். கஷ்டம் தூரத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

படகின் முன்பலகையில் நிற்கிறீர்கள். பின்னால் உயரமான மேடையில் வழிகாட்டி நீண்ட கழியால் படகைத் தள்ளுகிறார். மோட்டார் அணைந்திருக்கிறது. லைன் 50 அடி பலகையில் உங்கள் காலடியில் கிடக்கிறது. ராடு நுனிக்கு வெளியே 15 அடி. ஃபிளையை இடது கை விரல்களுக்கிடையே முள்வளைவில் பிடித்திருக்கிறீர்கள். “11 மணி, 50 அடி, இடது பக்கம் போகிறது” என்று மீனின் திசையைக் கடிகார மணியில் சொல்கிறார். உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு புல்திட்டின் ஓரத்தில் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிழல் நகர்கிறது. அது உங்களைப் பார்ப்பதற்குள் ஐந்து விநாடி, அதிர்ஷ்டம் இருந்தால் ஏழு.

அந்த நேரத்துக்குள் ஃபிளையை விட்டு, ஒரு பின்வீச்சு, ஒரு முன்வீச்சில் லைனைக் கூட்டி, இன்னொரு பின்வீச்சு, விட்டுவிட வேண்டும். ஆறேழு முறை முன்னும் பின்னும் ஆட்டினால் தலைக்கு மேல் பறக்கும் லைனின் நிழலே மீனை விரட்டிவிடும். இரண்டு வீச்சில் 45 அடி, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில். இது வந்துவிட்டால் நீங்கள் தயார்.

பலகையில் நான் வெறுங்காலோடு நிற்பேன். லைனை மிதித்தால் உள்ளங்காலில் தெரியும். ஷூ போட்டு நின்று, லைனை மிதித்தது தெரியாமல் வீசி, ஃபிளை பாதியில் நின்று திரும்பி என் தொப்பியில் குத்திய பிறகு வந்த பழக்கம் இது. பலகை சுடும் நாளில் தடித்த சாக்ஸ் போடலாம்.

டபுள் ஹால் என்பது என்ன? கட்டாயம் தேவையா?

கட்டாயம். இது இல்லாமல் கடலுக்கு வராதீர்கள் என்றே சொல்வேன்.

வலது கை ராடை ஓட்டும்போது இடது கை லைனைச் சுருக்கென்று கீழே இழுத்து உடனே மேலே விட்டுக்கொடுப்பதுதான் ஹால். பின்வீச்சில் ஒன்று, முன்வீச்சில் ஒன்று, ஆக இரண்டு. இழுக்கும்போது ராடு இன்னும் அதிகமாக வளைகிறது, லைனின் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் காற்றைக் கிழிக்கும்.

எல்லோரும் செய்யும் தப்பு, நீளமாகவும் சீக்கிரமாகவும் இழுப்பது. ராடு வேகம் எடுத்து நிற்கும் அந்தக் கடைசி நொடியில்தான் இழுப்பு வர வேண்டும். எட்டு அங்குலம் போதும். இழுத்த கையை அங்கேயே வைத்துக்கொண்டாலும் கெட்டது. லைன் விரியும்போது அது இழுக்கும் திசையிலேயே கையை மேலே, ரீல் வரை கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வீச்சில் இழுப்பதற்கு ஒன்றும் இருக்காது, நடுவில் லைன் தொய்ந்து தொங்கும்.

எனக்குக் கைவந்த வழி இது. புல்தரையில் ராடைக் கிடைமட்டமாக, இடுப்பு உயரத்தில் பிடித்துப் பக்கவாட்டில் வீசுங்கள். பின்வீச்சு வீசி, ஹால் போட்டு, லைனைத் தரையில் விழவிடுங்கள். நின்று மூச்சு விடுங்கள். கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு முன்வீச்சு, அதையும் விழவிடுங்கள். இரண்டையும் சேர்க்கும் அவசரமே வேண்டாம். ஒரு வாரம் பிரித்துச் செய்தால் எட்டாம் நாள் இரண்டும் தானாகச் சேர்ந்துகொள்ளும். தினமும் 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் செய்தால் தோள்வலிதான் மிச்சம்.

காற்று அடிக்கும்போது எப்படி வீசுவது?

கீஸில் காற்றில்லாத நாள் அபூர்வம். அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வீச்சு மாறும். ‘இன்னும் பலமாக வீசு’ என்பதுதான் முதலில் தோன்றும் யோசனை. அது தவறு. பலம் கூட்டினால் வளையம் விரிந்து காற்றுக்கு இன்னும் பெரிய பாயாகிவிடும்.

எதிர்க்காற்று என்றால் பின்வீச்சை உயரமாக விட்டு, முன்வீச்சைத் தாழ்வாக, தண்ணீரை நோக்கிச் சாய்த்து அனுப்புங்கள். நீர்மட்டத்தை ஒட்டிக் காற்றின் வேகம் சற்றுக் குறைவு. ஃபிளை விரிந்ததும் இறங்கிவிட வேண்டும், மேலே நின்றால் திரும்பி வந்துவிடும். பின்காற்று எளிது என்று தோன்றும், ஆனால் அது பின்வீச்சைக் குலைத்துவிடும். அப்போது பின்வீச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக, ஹால் போட்டு அழுத்தி அனுப்பி, முன்வீச்சை மேலே தூக்கி விட்டால் காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வலது கைக்காரருக்கு இடப்பக்கக் காற்று பிரச்சினை இல்லை, லைன் உடம்பை விட்டு விலகிப் போகும். வலப்பக்கக் காற்றுதான் ஆபத்து. ஈயக் கண் வைத்த முள் நேராகக் காதையோ கழுத்தையோ தேடி வரும். இதற்கு நான் நம்புவது ஒரே வழி: முதுகைத் திருப்பி நில்லுங்கள். மீனுக்கு எதிர்த்திசையில் முன்வீச்சு வீசி, பின்வீச்சில் ஃபிளையை மீனுக்குக் கொடுங்கள். லைன் அப்போது காற்று ஒதுங்கும் பக்கத்தில் போகும். அழகாக இருக்காது, ஆனால் 40 அடிக்கு நம்பலாம். பின்வீச்சையும் முன்வீச்சைப் போலவே குறிபார்த்துப் பழகினால்தான் இது வரும். அதனால் பயிற்சியின்போது பாதி நேரம் பின்னால் திரும்பி வீசுங்கள். கண்ணாடியும் தொப்பியும் எப்போதும் இருக்கட்டும்.

லீடரில் முடிச்சு முடிச்சாக விழுகிறது. காற்றினாலா?

காற்று முடிச்சு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பழி பெரும்பாலும் கையின் மேல்தான். ராடு நுனி நேர்கோட்டில் போனால் வளையம் ஒடுக்கமாக வரும். அரைவட்டமாகப் போனால் வளையம் அகலமாகும். தொடக்கத்திலேயே வெடுக்கென்று பலம் கொடுத்தால் நுனி நடுவில் குழிந்து போய், வளையத்தின் மேல்பாகம் கீழ்பாகத்தில் விழுந்து குறுக்கிடும். அதுதான் முடிச்சாகிறது. மீனைக் கண்டதும் பதற்றத்தில் எல்லோரும் செய்வது இதுதான். மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, சட்டென்று நிறுத்துங்கள்.

மேரிலாந்தைச் சேர்ந்த லெஃப்டி கிரே, 2018இல் தன் 93ஆம் வயதில் இறக்கும்வரை உலகம் சுற்றி இதைக் கற்பித்தவர். லைனின் கடைசி நுனி நகரத் தொடங்கும்வரை வீச்சைத் தொடங்கவே முடியாது என்பது அவர் சொல்லித்தந்த அடிப்படைகளில் ஒன்று. தண்ணீரில் கிடக்கும் லைனைத் தொய்வோடு தூக்கினால் பாதி வீச்சு அந்தத் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும். முதலில் ராடு நுனியைத் தண்ணீர் வரை தாழ்த்தி, லைனை இழுத்து நேராக்கிவிட்டுத் தூக்குங்கள்.

முடிச்சு விழுந்தால் லீடரை மாற்றிவிடுங்கள். முடிச்சு விழுந்த நரம்பு பலமிழந்துவிடும்.

வழிகாட்டி ‘11 மணி’ என்பது என்ன? ஃபிளையை மீனுக்கு எவ்வளவு முன்னால் போட வேண்டும்?

படகின் முன்முனை 12 மணி. நேர் வலது 3, நேர் இடது 9. அவர் சொன்னதும் ராடை அந்தப் பக்கம் நீட்டுங்கள். ‘இன்னும் இடது, இன்னும்’ என்று திருத்துவார். காலையில் கிளம்பும்போதே 40 அடி ஒன்று, 60 அடி ஒன்று வீசிக் காட்டி அவரோடு கணக்கை ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய 50 அடியும் உங்கள் 50 அடியும் ஒன்றாக இருப்பதில்லை.

போன்ஃபிஷுக்கு நான்கைந்து அடி முன்னால் போடலாம். காற்றில்லாமல் தண்ணீர் கணுக்காலளவே இருந்தால் இன்னும் தள்ளி. தலையைக் கீழே கவிழ்த்து வாலை வெளியே காட்டி மேய்ந்தால் பக்கத்திலேயே போடலாம், அதன் கண் மணலில் இருக்கும். பெர்மிட்டுக்கு நண்டு ஃபிளை நெருக்கமாக விழுந்து அப்படியே அடிக்குப் போக வேண்டும். நண்டு ஆபத்தைக் கண்டால் மணலுக்குள்தான் இறங்கும். டெல் பிரவுன் என்பவர் இப்படி நண்டு ஃபிளையில் 500க்கும் மேற்பட்ட பெர்மிட் பிடித்தவர். நான் இதுவரை பிடித்தது ஒன்றே ஒன்று.

எந்த மீனானாலும் ஃபிளை அதை நோக்கி வரக் கூடாது. எந்த இறாலும் தன்னைத் தின்ன வருகிறதை எதிர்த்துப் போவதில்லை. ஃபிளை விலகி ஓடும்படி கோணம் பார்த்துப் போடுங்கள்.

மீன் கவ்வியது, ராடைத் தூக்கினேன், போய்விட்டது. ஏன்?

தூக்கியதால்தான். ராடை உயர்த்தினால் வளைவு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், முள் அழுந்தாது. ஃபிளையும் மீனின் பார்வையிலிருந்து மேலே பறந்துவிடும். கடலில் ராடு நுனி தண்ணீரை ஒட்டி, மீனை நேராகக் காட்டியபடி இருக்க வேண்டும். இடது கையால் லைனை நீளமாக, உறுதியாக இழுங்கள். மீன் தவறவிட்டிருந்தாலும் ஃபிளை ஓரடிதான் நகர்ந்திருக்கும், அது திரும்பிக் கவ்வ வாய்ப்பு உண்டு. டார்பனின் வாய் எலும்பு. இரண்டு மூன்று முறை அழுத்தி இழுக்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து என் மாமா வந்திருந்தபோது ஒரு நாள் கூட்டிப்போனேன். சின்ன வயதிலிருந்து கைத்தூண்டிலில் மீன் பிடித்தவர். ராடை அவரால் ஒழுங்காக வீச முடியவில்லை, நான்தான் வீசிக் கொடுத்தேன். ஆனால் மீன் தொட்டதும் ராடு என்று ஒன்று கையில் இருப்பதையே மறந்து, விரலில் நரம்பை உணர்ந்து வெடுக்கென்று கையால் இழுத்தார். “இதுக்கு எதுக்கு மருமகனே இவ்வளவு நீளக் கம்பு?” என்று கேட்டுக்கொண்டே மூன்று போன்ஃபிஷ் பிடித்தார். எனக்கு இரண்டு வருடம் எடுத்த பழக்கம் அவர் கையில் ஏற்கெனவே இருந்தது.

முள் பட்ட பிறகு?

மீனைப் பார்க்காதீர்கள், காலடியில் கிடக்கும் லைனைப் பாருங்கள். மீன் ஓடும்போது அது பலகையிலிருந்து பாம்புபோல எழும்பும். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாக்கி அதன் வழியே விடுங்கள். சட்டைப் பொத்தான், கடிகாரம், ரீல் கைப்பிடி எதிலும் மாட்டக் கூடாது. லைன் முழுதும் வெளியேறி ரீலுக்கு வந்துவிட்டால் மூச்சு விடலாம். ஓடும்போது விடுங்கள், நின்றதும் சுற்றுங்கள். ராடைத் தலைக்கு மேல் செங்குத்தாகத் தூக்க வேண்டாம், நுனி ஒடியும். பக்கவாட்டில் தாழ்த்தி இழுத்தால் அடிப்பகுதியின் பலம் வேலை செய்யும்.

டார்பன் தண்ணீரை விட்டு எழும்பும்போது மட்டும் ராடை அதை நோக்கி நீட்டிக் குனிந்து லைனைத் தளர்த்துங்கள். காற்றில் அது தலையை உதறும்போது லைன் இறுக்கமாக இருந்தால் நரம்பு அறும், அல்லது முள் கழன்றுவிடும்.

லீடர், டிப்பெட் எவ்வளவு?

போன்ஃபிஷுக்கு 10 முதல் 12 அடி, கடைசிப் பகுதியான டிப்பெட் 12 முதல் 16 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு. காற்று பலமானால் 9 அடியாகக் குறையுங்கள். பெர்மிட்டுக்கு 16 முதல் 20. டார்பனின் வாய் அரத்தைப் போலத் தேய்க்கும், முன்னால் இரண்டடி 60 பவுண்டு நரம்பு வேண்டும். ஃபிளையை இறுக்கிக் கட்டாமல் சுருக்காத வளையமாக முடிந்தால் அது தண்ணீரில் உயிரோடு ஆடும்.

உப்பு ராடைக் கெடுக்காதா?

கார்பன் குழலுக்கு ஒன்றும் ஆகாது. வளையங்களையும் ரீல் பிடிப்பையும்தான் தின்னும். அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்திவிட்டு உறையில் போடுங்கள். ஈரத்தோடு குழாயில் அடைத்தால் ஒரு வாரத்தில் பச்சை பூத்துவிடும். ரீலை அதிவேகக் குழாய்நீரில் பீய்ச்சாதீர்கள், உப்பு உள்ளே போகும். ராடுத் துண்டுகள் சேரும் இடத்தில் அவ்வப்போது மெழுகுவத்தி தேய்த்தால் வீசும்போது கழன்று பறக்காது.

இதே ராடைத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் முறை மாறும். நம் கழிமுகங்களில் தண்ணீர் பெரும்பாலும் கலங்கலாக இருப்பதால் மீனைப் பார்த்து வீசுவது அரிது. மீன் இருக்கும் இடத்தை ஊகித்து, நீரோட்டம் பார்த்து, திரும்பத் திரும்ப வீச வேண்டும். கொடுவாவுக்கும் பாறைக்கும் 9ஆம் எண் பொருத்தம். கூர்பல் ஊளி மீன் கடித்தால் நரம்பு அறும், சிறு துண்டுக் கம்பி சேர்த்துக்கொள்ளுங்கள். ஈயக் கண் வைத்த கிளவுசர் மின்னோ என்ற ஃபிளை, சின்ன மீன் போல மேலும் கீழும் போகும். எங்கேயும் முதலில் கட்டிப் பார்க்க வேண்டியது அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே ராடை எடுக்காதீர்கள்.

பிடித்த மீனைச் சமைக்கலாமா?

புளோரிடாவில் போன்ஃபிஷ் 2013 முதல் பிடித்ததும் விட்டுவிட வேண்டிய மீன். டார்பனையும் விட்டுவிட வேண்டும்; 40 அங்குலத்துக்கு மேற்பட்டதைப் படத்துக்காகக்கூடத் தண்ணீரை விட்டுத் தூக்கக் கூடாது. கடல் மீன்பிடி உரிமம் வேண்டும். வழிகாட்டியின் படகில் போனால் அவர் உரிமம் உங்களையும் சேர்த்துக்கொள்ளும்.

முள்ளின் நுனியருகே பின்பக்கம் நீட்டியிருக்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும். களைத்த மீனைத் தலை நீரோட்டத்தைப் பார்த்தபடி தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடியுங்கள். செவுள் சீராகத் திறந்து மூடும். வால் உங்கள் மணிக்கட்டை ஒருமுறை பலமாக அடிக்கும். அப்போது விடுங்கள். விடுவதற்கு முன் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். திட்டின் ஓரத்தில் லெமன் சுறா காத்திருந்தால் படகை ஐம்பது அடி தள்ளச் சொல்லிவிட்டு அங்கே விடுங்கள்.